தர்மா அண்ணனின் பெரட்டு

மூன்று ஆண்டில் முடிக்க வேண்டிய வணிகப் பட்டத்தை ஆறாவது ஆண்டாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம்தான், எந்த விரிவுரையாளரிடம் போனால் சீக்கிரம் தேறலாம் என்று எங்கள் கல்லூரியே யோசனை கேட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் கல்லூரியில் சேர முழுத் தகுதி பெற்றவர்கள். ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் சாலையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் போட்ட சான்றிதழைக் காட்டித்தான் நான் இப்போது வேலையில் இருக்கிறேன்.

அந்த ஒருவர் தர்மா. கல்லூரியில் எல்லாருக்கும் அவர் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நானும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். சீன மாணவர்கள்கூட அண்ணே என்றார்கள். புதிதாக வேலைக்கு வந்த விரிவுரையாளர் ஒருவர் வாய் தவறி அவரை அண்ணே என்று அழைத்துவிட்டு, அந்த வகுப்பு முடியும்வரை அவர் பக்கமே திரும்பவில்லை.

டெலிகிராமில் தர்மா அண்ணன் ஒரு சேனல் நடத்தினார். பெயர் 'பெரட்டு'. அவருடைய அப்பா பத்துமலை ஒரு காலத்தில் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அங்கே விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மண்டோருக்குக் கீழே வேலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடுவதற்குப் பெரட்டு என்று பெயராம். அண்ணன் பிறப்பதற்கு முன்பே ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டைக் காலி செய்து, குடும்பம் ஈப்போ புந்தோங்குக்கு வந்துவிட்டது. பெரட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி முழு அதிகாரத்தோடு பேசும் வித்தை சேனலின் பெயரிலேயே தொடங்கிவிட்டது.

விரிவுரையாளர்களையும் அவர் தோட்டத்துப் பதவிப் பெயர்களில் மூன்று வகையாகப் பிரித்தார். துரை எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார், யார் வந்தார் யார் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதுதான் உயர்ந்த தரம், ஐந்து நட்சத்திரம். மண்டோர் கூடவே நின்று வேலை வாங்குவார். பாவம், அவருக்கு மூன்று. கிராணி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வார். தாமதமாக வந்தது, வீட்டுப்பாடம் தராதது, கொட்டாவி விட்டது வரை குறிப்பு இருக்கும். கிராணிக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, பக்கத்தில் ஒரு மண்டை ஓடும் போடுவார்.

பாடம் நடத்தத் தெரியுமா என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. ஆயிரத்து நூறு பேர் அந்தச் சேனலில் இருந்தோம்.

ஆராய்ச்சி எல்லாம் சாப்பாட்டுக் கந்தினில்தான் நடக்கும். காலை பத்து மணிக்கு ஒரு தே ஓ ஐஸ் கிளாஸோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்த லெக்சரர் இப்படி, இந்த லெக்சரர் அப்படி என்று சொல்லிவிட்டுப் போவான். சொல்கிறவன் அந்த வகுப்பில் இருந்தானா, அவன் நண்பன் இருந்தானா, நண்பனின் காதலி இருந்தாளா என்றெல்லாம் அண்ணன் விசாரிக்க மாட்டார். மனிதர்களை நம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. மாலைக்குள் நட்சத்திரம் விழுந்துவிடும்.

இப்படித்தான் மங்களம் மேடத்துக்கும் விழுந்தது. அவர் புள்ளியியல் எடுக்கும் பகுதிநேர விரிவுரையாளர். சித்தியவானிலிருந்து ஒரு பழைய புரோட்டோன் காடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு வருவார். அண்ணன் எழுதியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'கிராணிக்கெல்லாம் பெரிய கிராணி. எட்டு அஞ்சுக்குக் கதவப் பூட்டிருவாங்க. வாரா வாரம் வீட்டுப்பாடம். சொல்லித் தரத் தெரியாது, அழ வைக்கத்தான் தெரியும். இவங்க கிளாஸ்ல போய் விழுந்தா நான் பொறுப்பில்ல. அரை நட்சத்திரம்.' அதற்குக் கீழே முதலாவதாக ஒருத்தி எழுதியிருந்தாள்: 'உண்மைதான். ஒரு அக்கா அழுதுக்கிட்டே வெளிய வந்தத என் கண்ணால பாத்தேன்.' அதற்கு முந்நூற்று நாற்பது இதயங்கள் விழுந்தன.

அந்த ஒருத்தி நான்தான். பெயர் தேவிஸ்ரீ. பொய் எழுதவில்லை, அந்த அக்காவை நிஜமாகவே பார்த்தேன். முதலாம் ஆண்டில் மங்களம் மேடத்தின் அறையைக் கடந்து போனபோது கதவு திறந்தது, ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் என்று கேட்க எனக்கு நேரமில்லை. எழுத மட்டும் நேரம் இருந்தது.

புள்ளியியலில் துரை ஒருவர் இருந்தார். முனைவர் சிதம்பரம். முதல் வாரம் வருவார், ஏழாவது வாரம் வருவார், பதினான்காவது வாரம் வந்து 'என்ன, எல்லாம் படிச்சாச்சா' என்பார். நடுவில் சிலைடுகளை அனுப்பி வைப்பார். வந்த நாளில் மெல்பர்னில் இருக்கும் மகனைப் பற்றிப் பேசுவார். அன்பான மனிதர், ஒருவரையும் கடிந்து பேச மாட்டார். வகுப்பில் நடக்கும் சிறு சோதனைகளுக்குக் கேட்டாலும் மதிப்பெண், கேட்காவிட்டாலும் மதிப்பெண். ஐந்து நட்சத்திரம், அதற்கு மேல் ஒரு கிரீடம்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். இறுதித் தேர்வின் தாளை அவர் தயாரிப்பதில்லை. கோலாலம்பூர் தலைமை வளாகத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் ஒரே தாள் வரும், அங்கேயே திருத்துவார்கள், அதில் தேறாமல் பாடத்தில் தேற முடியாது. மெல்பர்ன் மகனைப் பற்றி அதில் கேள்வி வராது.

தர்மா அண்ணன் சிதம்பரம் ஐயாவிடம் புள்ளியியல் எடுத்தார், தவறினார். மறுபடி அவரிடமே எடுத்தார், மறுபடி தவறினார். நட்சத்திரம் மட்டும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, பெயிலானபோது ஐயா தோளில் கை போட்டு 'பரவாயில்ல தம்பி' என்றாராம், எந்த லெக்சரர் அப்படிச் சொல்வார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்படிச் சொல்ல அவருக்கு நல்ல பழக்கம் இருந்திருக்கும், வகுப்பில் பாதிப் பேருக்கு அதைத்தானே சொன்னார். இதை நான் வாய்விட்டே சொன்னேன். அண்ணனுக்குக் காதில் விழவில்லை.

பிறகு கடிதம் வந்தது. ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் கல்லூரியை விட்டு நீக்கம். ஆறு ஆண்டுக்கு மேல் படிக்கவும் விதியில் இடமில்லை. ஆக வரப்போகிற பருவம்தான் கடைசி, பாக்கியிருந்த ஒரே பாடம் புள்ளியியல். தேறினால் பட்டம். இல்லையென்றால் ஆறு ஆண்டும் பட்டை நாமம். கடிதத்தை அண்ணன் வீட்டில் காட்டவில்லை, எனக்கு மட்டும் காட்டினார். காட்டிவிட்டு, இந்த முறை யாரிடம் எடுக்கலாம் என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னுடைய சேனலையே திறந்து பார்த்தார்.

"சிதம்பரம் ஐயாதான் அஞ்சு ஸ்டார்," என்றார்.

"அத போட்டதே நீங்கதான்ணே," என்றேன்.

"ஆயிரத்து நூறு பேரு ஒத்துக்கிட்டாங்கல்ல," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தே ஓ ஐஸை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்காததற்கு ஒரே காரணம், நானும் அந்தப் பருவத்தில் புள்ளியியல் எடுக்க வேண்டியிருந்தது, நானும் சிதம்பரம் ஐயாவிடம்தான் போவதாக இருந்தேன். புத்தி சொல்வதற்கும் ஒரு யோக்கியதை வேண்டுமே.

பாடப் பதிவு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்குத் தர்மா அண்ணன் ஒரு பொதுச்சேவை செய்தார். சேனலில் எல்லாருக்கும் நினைவூட்டினார்: 'சிதம்பரம் ஐயா கிளாஸ், ஒன்பது மணிக்கு, விட்டுடாதீங்க.' நன்றி அண்ணே, நன்றி அண்ணே என்று செய்திகள் வந்து குவிந்தன. அவரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'நல்லா இருங்க' என்று பதில் போட்டார். எனக்கு ஒன்பது ஒன்றுக்கு இடம் கிடைத்தது. ஒன்பது நான்குக்கு அண்ணன் பதிவுப் பக்கத்தைத் திறந்தபோது சிதம்பரம் ஐயா பெயருக்கு எதிரே 'நிறைந்தது' என்று இருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினார். அறுபது நாற்காலி, அறுபது பேர், அதற்கு மேல் ஒருவரையும் சேர்க்க முடியாது என்றார்கள். அதில் நாற்பது நாற்காலியில் பருவம் முழுக்க யாரும் உட்காரப்போவதில்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. வேறு வகுப்பு இருக்கிறதே, இடம் தாராளமாக இருக்கிறதே என்று மங்களம் மேடத்தின் வகுப்பைக் காட்டினார்கள். அதில் அதுவரை மூன்று பேர். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து. போன இரண்டு பருவமும் அப்படித்தான் ரத்தானது என்று அந்த எழுத்தர் சாதாரணமாகச் சொன்னார். ஏன் யாருமே சேருவதில்லை என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

அண்ணன் தன் பெயரைக் கொடுத்தார். நான்கு பேர் ஆயிற்று. இன்னும் ஆறு பேர் வேண்டும், இரண்டரை நாள் இருந்தது.

அன்று மத்தியானமே சேனலில் மங்களம் மேடத்தின் குறிப்பு மாறியது. மண்டை ஓடு போய்ப் பூங்கொத்து வந்தது. 'கண்டிப்பானவங்க, ஆனா தங்கமான மனசு. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கவனிப்பாங்க. நாலரை நட்சத்திரம்.' அந்த மேடத்தோடு அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்பு பார்க்காமலே திட்டினார், இப்போது பார்க்காமலே புகழ்ந்தார். இந்த ஒரு விஷயத்தில் மனிதர் மாறவே இல்லை.

ஆனால் அண்ணன் வளர்த்த பிள்ளைகள் விவரமானவர்கள். திருத்தியது என்று பக்கத்திலேயே டெலிகிராம் காட்டிக் கொடுத்துவிட்டது. அண்ணனின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றான் ஒருவன். மேடம் வழக்குப் போடுவதாக மிரட்டியிருப்பார் என்றான் இன்னொருவன். பழைய குறிப்பைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் அதை எடுத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை காலை அவர் கந்தினில் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினார். 'இவங்க கிளாஸ்ல போய் விழுந்தா நான் பொறுப்பில்ல' என்று ஒரு பொடியன் அவர் எழுதியதையே அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டினான். மேசை முழுக்கச் சிரித்தது. நான் அடுத்த மேசையில் குனிந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. மங்களம் மேடத்திடம் நிஜமாகவே படித்த ஒரு ஆள். அப்படி ஒருவரைத் தேடுவது ஆறு ஆண்டில் அவருக்கு அதுதான் முதல் தடவை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த குமுதா அக்கா அகப்பட்டார். அன்று மாலையே அவரைக் கந்தினுக்கு அழைத்து வந்தார். பார்த்ததும் எனக்கு முகம் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அதே முகம்.

"மேடம் இல்லன்னா நான் இன்னிக்கு ஏதாவது பேக்டரியிலதான் இருப்பேன்," என்று குமுதா அக்கா சொன்னார். "ரெண்டு வாட்டி பெயிலு. மூணாவது வாட்டி அவங்க கிட்ட எடுத்தேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு என்ன ரூமுக்குக் கூப்பிட்டு லிஸ்ட காட்டுனாங்க. பாஸ். சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு. யாரோ ஒரு புண்ணியவதி அதப் பாத்துட்டு, மேடம் அழ வைக்கிறாங்கன்னு எழுதி வச்சுட்டா."

புண்ணியவதி மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. ஆகவே தே தாரிக்கைக் குடித்து முடித்தேன்.

குமுதா அக்கா பேசியதைக் கேட்டு ஐந்து பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் ஒரு முறையாவது தவறியவர்கள். ஒன்பது ஆயிற்று, இன்னும் ஒருவர்தான் குறை. அண்ணன் என்னைப் பார்த்தார். கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன். மனசு குத்துவது வேறு, சிதம்பரம் ஐயா வகுப்பில் ஒன்பது ஒன்றுக்குக் கிடைத்த இடம் வேறு.

வெள்ளிக்கிழமை காலை அவர் கல்லூரிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றதும் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட மனிதரை நேரில் திட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. கிரேப் டாக்சி பிடித்துப் புந்தோங் போனேன். வீட்டில் அவர் இல்லை, யாரையோ பார்க்க வேண்டும் என்று காலையிலேயே மோட்டோரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அவருடைய அம்மா கருப்பம்மாள் இருந்தார். விடியற்காலையில் நாசி லெமாக் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். உட்காரும்மா என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

கூடத்துச் சுவரில் பெரிய தங்க நிறச் சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே நாள்காட்டியிலிருந்து வெட்டி எடுத்த முருகன் படம். சட்டம் பெரியது, முருகன் சிறியவர். சுற்றிலும் வெள்ளை அட்டை தெரிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்.

"அது தர்மா பட்டம் வாங்குற போட்டோவுக்கு வாங்குனதும்மா. அவன் காலேஜ்ல சேந்த வருஷமே வாங்கிட்டேன். சும்மா இருக்க வேணாமேன்னு முருகன வச்சிருக்கேன். இந்த வருஷம் முடிஞ்சிரும்ல?"

முடிந்துவிடும் என்றேன். அவர் இன்னும் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். காலேஜில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தர்மாதான் வழி காட்டுகிறானாமே, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னானாம். எங்கள் வீட்டிலோ மாடிப்படி நெடுகப் பட்டமளிப்பு அங்கி போட்ட படங்கள்தான். தாத்தாவிலிருந்து அக்காவரை வரிசையாக இருக்கும். எனக்கும் ஒரு ஆணி அடித்துத் தயாராக இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம். ஆறு ஆண்டாக முருகன் அதில் வாடகைக்கு இருக்கிறார்.

தேத்தண்ணி ஒரு கையில், போன் ஒரு கையில். பதினொன்று நாற்பதுக்குச் சிதம்பரம் ஐயா வகுப்பிலிருந்து விலகினேன். அந்த இடத்தை அரை நிமிடத்துக்குள் வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். மங்களம் மேடத்தின் வகுப்பில் பத்தாவது பெயர் என்னுடையது. திட்ட வந்தவள் திட்டாமலே திரும்பினேன்.

முதல் நாள் எட்டு மணிக்கெல்லாம் பத்துப் பேரும் உள்ளே இருந்தோம். எட்டு ஐந்துக்கு மேடம் கதவைப் பூட்டினார், அந்தக் குறிப்பில் அது சத்தியமான உண்மை. குள்ளமான ஆள், வெளுத்த பருத்திப் புடவை, கையில் ஒரு பிளாஸ்க். சிலைடு கிடையாது. பலகையில் எழுதுவார், புரியவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். அதுவும் புரியவில்லை என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு மூன்றாவது மாதிரி எழுதுவார். சிரிக்கவே மாட்டார். தங்கமான மனசு என்று அண்ணன் எழுதியதும் பொய்தான். கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் அண்ணனை நிற்கச் சொன்னார். ஒரு பயத்தில் நானும் கூடவே நின்றேன். வகுப்பில் அதுவரை ஆங்கிலம் பேசியவர் தமிழுக்கு மாறினார்.

"பெரட்டு உன்னோடதா?"

"ஆமா மேடம்."

"நாலு வருஷமா படிச்சுக்கிட்டு வாரேன். நானும் தோட்டத்துல பொறந்தவதான், கிராணின்னா யாருன்னு எனக்குத் தெரியும். அத விடு. சொல்லித் தரத் தெரியாதுன்னு போட்டிருக்கே. என் கிளாஸ்ல நீ எப்ப உக்காந்த?"

"உக்காந்ததே இல்ல மேடம்."

"சரி. இனிமே முன்னாடி உக்காரு. தெரியுதா தெரியலையான்னு பாத்துட்டு எழுது."

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கப் போனவரைக் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். பிறகு வருகைப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ தேவிஸ்ரீயா?" என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' இருக்கிறதே, பதினான்கு வாரமும் அது என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது.

பதினான்கு வாரமும் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துக் கிழித்துத் திருப்பித் தந்தார். புதன்கிழமை மத்தியானங்களில் அண்ணன் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நிகழ்தகவு அவருக்கு ஏறவே இல்லை. ஒருநாள் மேடம் பொறுமையிழந்து, பெரட்டில் நிற்கிற நூறு பேரில் முப்பது பேர் வராவிட்டால் என்று அவர் பாஷையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் புரிந்தது என்றார் அண்ணன்.

முடிவு வந்தது. அண்ணன் தேறினார். சி தான், ஆனால் தேறினார். நாங்கள் பத்துப் பேரும் தேறினோம். சிதம்பரம் ஐயாவின் அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேர் தவறினார்கள். முப்பத்தெட்டுத் தோளிலும் ஐயா கை போட்டிருப்பார்.

அன்று அண்ணன் சேனலில் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். ஆறு ஆண்டில் முதல் முறையாக, தான் உட்கார்ந்த வகுப்பைப் பற்றி எழுதினார். கதவு எட்டு ஐந்துக்குப் பூட்டும், வீட்டுப்பாடம் உயிரை எடுக்கும், கோபம் வரும், பத்துக்குப் பத்து. பழையது கேட்டதை வைத்து எழுதியது, அது தப்பு என்றும் எழுதினார். இந்த முறை எல்லாரும் நம்பினார்கள், முடிவுகள்தான் கண்ணெதிரே இருந்தனவே. மங்களம் மேடம் கிளாஸ் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று இருநூறு பேருக்கு மேல் கேட்டார்கள்.

அடுத்த வாரம் புதிய கால அட்டவணை வந்தது. அதில் மங்களம் மேடத்தின் பெயர் இல்லை. பகுதிநேர ஆட்களுக்கு ஒப்பந்தத்தை வருடக் கணக்கில்தான் பார்ப்பார்களாம். இரண்டு வகுப்பு ரத்து, ஒரு வகுப்பில் வெறும் பத்துப் பேர். அத்தோடு புதுப்பிக்கவில்லை. அந்த எழுத்தர் இதையும் சாதாரணமாகவே சொன்னார்.

பட்டமளிப்பு முடிந்து படம் வந்ததும் முருகன் குளிர்பெட்டியின் மேலே குடியேறினார். படத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணன் சித்தியவானுக்குப் போனார். அங்கே அஞ்சடி நடைபாதை வைத்த கடை ஒன்றின் மாடியில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு மேடம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். நான்கு மணி வகுப்பு. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது நான்கு ஏழு, கதவு பூட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார், அங்கி தோளில் கோணலாக இருக்கிறது என்றார். அண்ணன் அழுதுவிட்டாராம்.

"எழுதினவன் நீ ஒருத்தன்," என்றாராம் மேடம். "நம்புனவங்க ஆயிரத்து நூறு பேரு. உன்ன மட்டும் என்ன சொல்றது. சாப்பிட்டியா?"

இதை என்னிடம் சொன்ன அன்றே பெரட்டை என் கையில் ஒப்படைத்தார். வேலைக்குப் போகிறேன், இனி நீ பார்த்துக்கொள் தேவி என்றார். மூட்டைபோல் தூக்கிக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

நான் முதலில் தேடியது மங்களம் மேடத்தின் பக்கத்தைத்தான். அண்ணன் தன் குறிப்பை மாற்றியிருந்தார். அதற்குக் கீழே என்னுடையது அப்படியே இருந்தது. 'ஒரு அக்கா அழுதுக்கிட்டே வெளிய வந்தத என் கண்ணால பாத்தேன்.' இதயங்கள் முந்நூற்று நாற்பதிலிருந்து முந்நூற்றுத் தொண்ணூறாக வளர்ந்திருந்தன. ஒரு விரலால் அழித்துவிடலாம். அழித்தால் எனக்கு நல்லது. அழிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. அதற்குக் கீழேயே எழுதினேன்: 'அந்த அக்கா பாஸானதுக்காக அழுதாங்க. நான் ஏன்னு கேக்கல. கேக்காம எழுதினேன். என்னால இந்த மேடத்துக்கு வேல போச்சு.'

எழுதி முடித்தபோது எனக்கும் கண் கலங்கியிருந்தது. யாராவது பார்த்து எதையாவது எழுதிவிடப் போகிறார்கள் என்று துடைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் புது மாணவி ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது. பாவம்க்கா என்று ஒரு அழுகை முகம் போட்டிருந்தாள். அதற்கடுத்து ஒரு கேள்வி.

"அப்ப இவங்க இல்லையாக்கா? நாளைக்கு ஒன்பது மணிக்குப் பதிவு. சிதம்பரம் ஐயாவத்தானே போடணும்? அஞ்சு ஸ்டார் காட்டுது."